தாய் சொல் கேட்ட மருத்துவர்

சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் வரும் பேருந்தில் ஏறிய நண்பர்களுக்குத் திம்பம் மலைப்பாதையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கொண்டை ஊசி வளைவுகள் 27. வளைவுக்கு ஒரு முறை ஓட்டுநர் காது கிழிய ஒலி எழுப்புவார். சென்ற ஆண்டு விடுமுறை முடிந்து அந்தப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மையார்; அவர் மடியில் மூன்று வயது மதிக்கத்தக்க ஓர் ஆண் குழந்தை. ஒலி எழும்போதெல்லாம் உறங்கியவர்கள் திடுக்கிட்டு விழித்தார்கள். அந்தக் குழந்தை மட்டும் விழிக்கவேயில்லை.

சாமராசநகரைத் தாண்டியதும் அவர் என்னிடம் வழி கேட்டார். மானசகங்கோத்ரியை அடுத்துள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குப் போக வேண்டுமாம், கன்னடம் தெரியாதாம். நானும் அந்தப் பக்கந்தான் போகிறேன் அக்கா, உடன் வாருங்கள் என்றேன். அதன் பிறகு அவர் மனம்விட்டுப் பேசினார். பிள்ளை உண்டாகியிருந்த இரண்டாம் மாதத்தில் மூன்று நாள் மேலெல்லாம் சிவந்து தடித்ததாம்; கழுத்தில் நெறி கட்டியதாம்; மருந்தில்லாமலே போய்விட்டதாம். மகனுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபின் அதைப் பலரிடம் சொல்லிப் பார்த்தாராம். ஒருவரும் பொருட்படுத்தவில்லை. கிரகணத்தன்று அவர் அரிவாள்மணையில் காய் நறுக்கியதுதான் காரணம் என்று மாமியார் வீட்டார் முடிவு கட்டிவிட்டார்களாம்.

அவருக்கு வந்த நோய் இன்னதென்று சொல்ல நான் மருத்துவன் அல்லன். உயிர்வேதியியல் பயிலும் மாணவன். எனினும் அவர் பேசப் பேச, என் நினைவு கடல் கடந்து ஒரு மனிதரிடம் சென்றது. தாய்மார் சொன்ன இதே போன்ற பேச்சைத் தள்ளிவிடாமல் செவி கொடுத்துக் கேட்டவர் அவர். அவர் செய்ததைச் சுருக்கிச் சொன்னால் அவ்வளவுதான். ஆனால் அதன் பயன் உலகளந்தது. அவர்தாம் டாக்டர் நார்மன் மெக்காலிஸ்டர் கிரெக்.

கிரெக் 1892-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தின் பர்வுட் பகுதியில் பிறந்தார். சிட்னிப் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்று 1915-இல் பட்டம் பெற்றார். படிப்பில் முன்னணியில் நின்றவர், கிரிக்கெட்டிலும் டென்னிசிலும் பெயர் பெற்றவராகவும் விளங்கினார். ஆடுகளத்துக்குப் போனால் மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சுகிற நம்மில் சிலர் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

அவர் பட்டம் பெற்றது முதல் உலகப் போர் மூண்டிருந்த காலம். இங்கிலாந்து சென்று இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். குண்டு மழைக்கு நடுவே காயமுற்றவர்களுக்குப் பணி செய்தார். அந்த வீரத்துக்காக இராணுவச் சிலுவை என்னும் விருது அவருக்கு வழங்கப்பட்டது. போர் முடிந்ததும் கண் மருத்துவத்தில் நாட்டங்கொண்டு இலண்டனிலும் பர்மிங்காமிலும் பயிற்சி பெற்றார். 1923-இல் சிட்னிக்குத் திரும்பி மக்குவாரி வீதியில் மருத்துவ நிலையம் அமைத்தார். ராயல் அலெக்சாண்ட்ரா குழந்தைகள் மருத்துவமனையிலும் கண் மருத்துவராகப் பணியாற்றினார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. திறமையும் நேர்மையும் உள்ள கண் மருத்துவர் என்ற பெயரோடு அவர் வாழ்க்கை முடிந்திருக்கலாம். ஆனால் 1941 அவருக்காகக் காத்திருந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்திலே, கைக்குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக அவரிடம் கொண்டுவரப்பட்டார்கள். கண்ணின் பாவை நடுவே வெள்ளை படர்ந்திருந்தது. பிறவிக் கண்புரை! இது அரிதாகக் காணும் குறை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு வந்தால் வியப்பில்லை. சில மாதங்களுக்குள் இத்தனை பேர் வருவானேன்? பல குழந்தைகள் எடை குறைந்து மெலிந்திருந்தார்கள். பால் குடிக்கத் திணறினார்கள். பலருக்கு இருதயத்திலும் கோளாறு இருந்தது.

பிறவிக் குறை என்றால் அது பரம்பரையில் வருவது என்பதே அந்நாளைய மருத்துவ நூல்களின் துணிபு. அப்படியாயின் ஒன்றுக்கொன்று உறவில்லாத இத்தனை குடும்பங்களில், ஒரே ஆண்டில், ஒரே வகைக் குறை தோன்றுவது எங்ஙனம்? கிரெக் இந்தக் கேள்வியை விடவில்லை.

மருத்துவ நிலையத்தில் காத்திருந்த தாய்மார் இருவர் தமக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாக வழிவழியாகச் சொல்லுவர். கருவுற்ற தொடக்கத்தில் தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததைப் பற்றி அவர்கள் பேசினார்களாம். இன்று நாம் ரூபெல்லா என்று வழங்கும் நோய்தான் அது. போருக்காகத் திரண்ட இளைஞர்கள் பாசறைகளில் நெருங்கி வாழ்ந்த 1940-ஆம் ஆண்டில், அந்நோய் ஆஸ்திரேலியா முழுவதும் பரவியிருந்தது.

ரூபெல்லா என்றால் யாரும் அஞ்சியதில்லை. இரண்டு மூன்று நாள் தடிப்பு, இலேசான காய்ச்சல், காதுக்குப் பின்னே நெறி, அவ்வளவே. வீட்டுக் கதவில் வேப்பிலை செருகவும் நேரம் இருக்காது! பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நான்கு நாள் விடுமுறை. இத்தகைய அற்ப நோய் கருவில் உள்ள குழந்தையின் கண்ணை அழிக்கும் என்று எவர் நம்புவார்?

கிரெக் உடனே நம்பிவிடவில்லை. உடனே தள்ளிவிடவும் இல்லை. இங்கேதான் நாம் அவரிடம் பாடம் கற்க வேண்டும். வந்த ஒவ்வொரு தாயையும் கேட்டார். கருவுற்ற நாளையும் நோய் கண்ட நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிற ஊர்களில் இருந்த கண் மருத்துவர்களுக்கும் எழுதி, அவர்கள் கண்ட குழந்தைகளைப் பற்றிய விவரம் வேண்டினார். இவ்வாறு 78 குழந்தைகளின் செய்தி திரண்டது. அவர்களுள் 62 பேருக்கு இரண்டு கண்களிலும் புரை. 16 பேருக்கு ஒரு கண்ணில். இந்த 78 பேரின் தாய்மாருள் 68 பேர் கருவுற்றிருந்தபோது ரூபெல்லா கண்டவர்கள்! அவர்களுள் மிகப் பலருக்கு அது கண்டது முதல் இரண்டு மாதங்களில். சிலருக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போது தெரியாது.

1941-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், மெல்போர்னில் கூடிய கண் மருத்துவர் கழகத்தின் முன் கிரெக் தம் கட்டுரையைப் படித்தார். கருப்பைக்குள் இருக்கும் குழந்தையை வெளியிலிருந்து வரும் நோய் உருக்குலைக்க முடியும் என்பதை மருத்துவ உலகம் அன்றுதான் தெளிவாகக் கேட்டது.

அந்தக் கட்டுரையில் காது கேளாமையைப் பற்றிய பேச்சு இல்லை. ஏன் இல்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கண்ணில் வெள்ளை விழுந்தால் தாய்க்கும் தெரியும், தெருவில் போகிறவருக்கும் தெரியும். காதின் குறையோ வெளியே தெரியாது. மூன்று மாதக் குழந்தை காது கேளாமலேயே சிரிக்கும். கை தட்டினால் காற்றின் அசைவுக்கே திரும்பும். பேச வேண்டிய வயதில் பேசாதபோதுதான் ஐயம் பிறக்கும். தாத்தாவும் தாமதமாகத்தான் பேசினார் என்று சொல்லி அந்த ஐயத்தையும் நாம் உறங்க வைத்துவிடுவோம்.

கிரெக்கின் கட்டுரை பற்றிய செய்தி நாளேடுகளில் வந்தது. அதைப் படித்த தாய்மார் சிலர், தங்களுக்கும் கருவுற்றபோது அந்த அம்மை வந்தது, தங்கள் குழந்தைகளுக்குக் கண் நன்றாக இருக்கிறது, காதுதான் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரிவித்ததாகக் கூறுவர். மறுபடியும் தாய்மாரே வழி காட்டினார்கள். மறுபடியும் அவர் செவி சாய்த்தார். அடிலெய்டில் சார்லஸ் ஸ்வானும் அவருடைய தோழர்களும் தனியே ஆய்ந்து, 1943-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். கண், இருதயம் ஆகியவற்றோடு செவிக்குறையும் அதில் இடம் பெற்றது. கண்புரை உள்ள குழந்தை ஒருவருக்கு, வெளியே குறையொன்றும் தெரியாமல் செவித்திறன் இழந்த குழந்தைகள் பலர் இருந்தார்கள் என்பது போகப் போகத் துலங்கியது.

உலகம் உடனே மாலையிட்டு வரவேற்கவில்லை. 1944-இல் இலண்டனின் புகழ் பெற்ற லான்செட் மருத்துவ இதழ், கிரெக் தம் கருத்தை மெய்ப்பித்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்ற போக்கில் எழுதியது. குறை உள்ள குழந்தைகளிலிருந்து தொடங்கித் தாயின் நினைவை நோக்கிப் பின்னோக்கிப் போவது போதிய சான்றாகுமா என்பது ஐயம். அறிவியல் மாணவன் என்ற முறையில், அந்த ஐயம் முற்றிலும் தவறென்று நான் சொல்ல மாட்டேன். நினைவு தவறக் கூடியதே. ஆனால் ஒன்று: தாயின் சொல் சான்று ஆகாமற் போகலாம்; கேட்கத் தகாதது ஆகிவிடாது. அது தேடலின் தொடக்கம். முடிவு வேண்டுமானால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படி எண்ணிப் பார்த்தவர் ஆலிவர் லங்காஸ்டர் என்னும் ஆஸ்திரேலியப் புள்ளியியல் அறிஞர். அவர் பழைய மக்கள் தொகைக் கணக்குகளைப் புரட்டினார். 1911-ஆம் ஆண்டுக் கணக்கில், காது கேளாதோர் தொகை 10 முதல் 14 வயது வரை உள்ளவரிடையே வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்தது. 1921-ஆம் ஆண்டுக் கணக்கில் அதே மிகுதி 20 முதல் 24 வயது வரை உள்ளவரிடையே காணப்பட்டது. பத்தாண்டு மூத்த அதே பிள்ளைகள்! அவர்கள் பிறந்த காலத்தை ஒட்டி, 1898, 1899 ஆண்டுகளில், ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா பெருவாரியாகப் பரவியிருந்தது. 1951-இல் லங்காஸ்டர் இதை வெளியிட்டார். விடை நாற்பது ஆண்டுகளாக அரசாங்க ஏட்டில் அச்சாகிக் கிடந்தது. கேள்வி கேட்க ஆள் இல்லாமல் அது காத்திருந்தது!

அன்று கிரெக் அறியாத பலவற்றை இன்று நாம் அறிவோம். கருவின் முதல் மூன்று மாதங்களில் தாயை ரூபெல்லா வைரஸ் தாக்கினால், அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகிறது. உறுப்புகள் உருப்பெறும் காலம் அது. வைரஸ் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. உட்செவியில் நத்தைக் கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியா அதற்கு எளிதில் இரையாகிறது. இந்தத் தொடக்க மாதங்களில் தாக்கினால் பத்துக் கருக்களில் ஒன்பது வரை கேடுறலாம். இருபது வாரம் கடந்தபின் கேடு மிக அரிது. எல்லாக் குறைகளிலும் பெரும்பாலும் காணப்படுவது செவிக்குறையே. சில குழந்தைகளுக்கு அது ஒன்றே அடையாளம். சிலருக்குப் பிறந்தபோது கேட்கும் காது பிறகு மெல்ல மெல்ல மங்கும். தாய்க்குத் தடிப்பே தோன்றாமல் நோய் வந்துபோவதும் உண்டு. ஆகவே, தனக்கு ஒன்றும் வரவில்லை என்று சொல்லும் தாயின் குழந்தைக்கும் சோதனை தேவை.

கிரெக்குக்கு மதிப்பு வந்து சேர்ந்தது. 1953-இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. ரூபெல்லா வைரசை ஆய்வுக்கூடத்தில் 1962-இல் பிரித்தெடுத்தார்கள். 1964, 1965 ஆண்டுகளில் அமெரிக்காவைத் தாக்கிய பெரும் பரவலில் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் குறையோடு பிறந்தார்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் செவித்திறன் இழந்தவர்கள். அவர் சொன்னது இத்தனை துயரத்தோடு உறுதியானதை அவர் கண்டார். தடுப்பூசியை மட்டும் காணவில்லை. 1966 ஜூலையில் கிரெக் மறைந்தார். முதல் ரூபெல்லாத் தடுப்பூசி அமெரிக்காவில் 1969-இல் ஒப்புதல் பெற்றது. 2018-இல் ஆஸ்திரேலியாவில் ரூபெல்லா ஒழிக்கப்பட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கிரெக் மறைந்த அதே 1966-ஆம் ஆண்டில், நம் மானசகங்கோத்ரிக்கு அருகே பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, 1918 முதல் 1921 வரை இதே மைசூர்ப் பல்கலைக் கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். சிட்னியில் ஒரு விளக்கு அணைந்த ஆண்டிலே மைசூரில் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

நமக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு அதனினும் பழையது. ரூபெல்லா என்ற பெயரே இந்தியாவில் கண்ட ஒரு பரவலால் பிறந்தது. இங்கே பணியாற்றிய படை மருத்துவர் ஹென்றி வீல், தாம் கண்ட அந்தப் பரவலை 1866-இல் எழுதியபோது அப்பெயரைச் சூட்டினார். பெயரிட்ட நாட்டில் ஊசி பரவலாக வர 150 ஆண்டுகள் சென்றன! 2017 பிப்ரவரி 5-ஆம் நாள், தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் கர்நாடகம், தமிழ்நாடு, புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் முதலில் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது நிரம்பாதவர் வரை அனைவருக்கும் ஊசி.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது எனக்கு வயது 14. ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளைப் பேறே இருக்காது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றியது. ஊசி போடும் நாளில் வயிற்றுவலி என்று சொல்லி நான் பள்ளிக்குப் போகவில்லை. ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்த ஊசி என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு பொய்யை உடனே கேட்டேன். ஊசி போட வந்த செவிலியர் அம்மா வீடு தேடி வந்து சொன்னதைக் கேட்கவில்லை. கேட்பது என்பது காதால் மட்டும் நிகழ்வதன்று. யார் சொல்லைக் கேட்கிறோம் என்பதில்தான் அறிவு இருக்கிறது. கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் பிறந்த மொழியில் பிறந்துவிட்டு, இதைக் கிரெக்கின் வாழ்க்கையைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

ஆண்பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று இன்றும் கேட்பவர் உண்டு. பாசறை இளைஞர்களிடையே பரவிய நோய்தானே அன்று சிட்னித் தாய்மாரை அடைந்தது! அந்த ஊசியை நான் இந்த ஊருக்கு வந்தபின்தான் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டதா என்று உறுதியாகத் தெரியாத நண்பர்கள் மருத்துவரைக் கேளுங்கள். மாணவியர் திருமணத்துக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கருவுற்ற பின் இந்த ஊசி போடலாகாது, போட்ட பின்னும் ஒரு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். வீட்டில் குழந்தை பிறந்தால் ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை. ஐயமிருந்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு. ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது இதையும் இரண்டு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அந்த அக்காவின் கதையை முடிக்கவில்லையே! அன்று அவருடன் நிறுவனத்துக்குள் சென்றேன். நம் வயதே இருக்கும் ஒரு மாணவி, தாளும் எழுதுகோலுமாக எதிரே அமர்ந்து கன்னடத்தில் விவரம் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். ஊர், வயது ஆகியவற்றை எழுதியபின் அவர் கேட்ட கேள்வி, கருவுற்ற மாதங்களில் காய்ச்சலோ உடம்பில் தடிப்போ வந்ததுண்டா என்பது. கிரெக் மருத்துவ உலகுக்குக் கற்பித்த கேள்வி!

நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு இரண்டாம் மாதம், மூன்று நாள், கழுத்தில் நெறி என்று ஒன்று விடாமல் சொன்னார். அந்த மாணவி நடுவே குறுக்கிடவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.